கம்பத்து முட்டை என்று பலகை வைத்திருக்கும் உங்களுக்கு



செமினியில் இருந்து எழுதுகிறேன். காஜாங் தாண்டி பெரானாங் போகும் பழைய சிரம்பான் சாலையிலும், புரோகா மலைக்குத் திரும்பும் வழியிலும், அந்தப் பக்கம் உலு லங்காட், டிங்கில் வரைக்கும் வீட்டு முன்னால் ஒரு மேசையும் குடையும் போட்டு முட்டை, தேன், சிராப் விற்கிறவர்கள் நீங்கள். நாங்களும் அதே பிழைப்புதான். எங்கள் வீட்டில் கோழிகள் மாமியாரின் பொறுப்பு. கெலுலுட் தேனீப் பெட்டிகள் வீட்டுக்காரருடையவை. சிராப் காய்ச்சுவது நான். பிள்ளைகள் சனி, ஞாயிறில் சில்லறை எண்ணுவார்கள். வெளியே நின்று புத்தி சொல்ல வந்தவள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டில் முட்டை இல்லாத நாளில் மேசையிலும் முட்டை இருக்கக் கூடாது. பெட்டியில் தேன் இல்லாத மாதத்தில் போத்தலிலும் தேன் இருக்கக் கூடாது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் வாரக் கடைசியில் விடியுமுன் புரோகா ஏறியவர்கள் ஒன்பது மணிக்கு இறங்கி வந்து வரிசையாகக் காரை நிறுத்தும்போது காலி மேசையோடு நிற்க எவருக்கும் மனம் வராது. அந்த ஒன்பது மணியில்தான் நம்மில் சிலர் தடுமாறுகிறார்கள்.

முட்டையில் தொடங்குகிறேன். மொத்த வியாபாரியிடம் பண்ணை முட்டையைத் தட்டுத் தட்டாக எடுத்து, சின்னதாகப் பார்த்துப் பொறுக்கி, பிரம்புக் கூடையில் வைக்கோல் பரப்பி அடுக்கி, மேலே 'கம்பத்து முட்டை' என்று அட்டை குத்தி வைக்கிறார்கள். யார் என்று சொல்லப் போவதில்லை. விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்கும் ஒரு நாள் தெரிந்துவிடும். முட்டையிடத் தொடங்கும் இளம் பண்ணைக்கோழியின் முட்டை சின்னதாகத்தான் இருக்கும். மலேசியத் தரப்பிரிவில் 'ஏ' என்றால் 65 முதல் 70 கிராம், 'பி' 60 முதல் 65, 'சி' 55 முதல் 60. அதற்கும் கீழே 'டி', 'இ' என்று இறங்கிக்கொண்டே போகும். வீட்டில் மேய்ந்து வளரும் கம்பத்துக் கோழியின் முட்டை பெரும்பாலும் அந்தக் கடைசிப் படிகளில் நிற்பது. அதனால் சின்னதாக இருந்தாலே கம்பத்து முட்டை என்று மக்கள் நம்புகிறார்கள். ஓட்டின் நிறத்தைக் கோழியின் இனம் முடிவு செய்கிறது. மஞ்சள் கருவின் நிறத்தைத் தீவனம் முடிவு செய்கிறது. தீவனத்தில் சோளத்தைக் கூட்டினாலோ செண்டுமல்லிச் சாறு சேர்த்தாலோ பண்ணைக் கோழியும் செக்கச்செவேல் என்று கரு தரும். ஆக, உடைத்துப் பார்த்தாலும் வாங்குபவருக்கு உறுதி கிடையாது. நம் வாய்ச்சொல்லைத்தான் அவர் காசு கொடுத்து வாங்குகிறார்.

ஏன் சிலருக்கு இந்த ஆசை வருகிறது என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. கணக்கைப் பாருங்கள். பண்ணைக் கோழி வருஷத்துக்கு 300 முட்டை இடும். விளக்குப் போட்டுப் பகலை நீட்டி, எடை பார்த்துத் தீவனம் கொடுத்து அப்படி வளர்க்கிறார்கள். நம் கோழி ஒரு ஈட்டில் பத்துப் பதினைந்து முட்டை இடும், பிறகு அடை உட்காரும். 21 நாள் அடை. பொரித்த பிறகு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வாழைக்கன்று ஓரமெல்லாம் சுற்றும். அந்த வாரங்களில் முட்டை என்ற பேச்சே இல்லை. வருஷத்துக்கு நூறைத் தொட்டால் அது நல்ல கோழி. ஒரு கோழி நாளைக்கு 100 கிராம் தின்றால் வருஷத்துக்கு ஏறத்தாழ 36 கிலோ. கிலோ இரண்டு வெள்ளி என்று வைத்தாலும் 72 வெள்ளி. நூறு முட்டைக்குப் பிரித்தால் தீவனச் செலவு மட்டுமே முட்டைக்கு 72 காசு. மேய்ந்து புழு, கரையான், சோற்றுப் பருக்கை தின்பதால் கொஞ்சம் குறையும். ஆனால் உடும்பு தூக்கிப் போனது, மூசாங் கடித்தது, வெள்ளைக் கழிச்சலில் ஒரே வாரத்தில் சுருண்டது எல்லாம் அந்தக் கணக்கில் இன்னும் ஏறவில்லை.

இந்தக் கணக்கோடு நாம் யாரிடம் போட்டி போட்டோம் என்று யோசியுங்கள். 2022 பிப்ரவரி 5ஆம் தேதி அரசாங்கம் ஏ, பி, சி முட்டைகளுக்கு 45, 43, 41 காசு என்று உச்சவிலை வைத்தது. பண்ணைக்காரர்களுக்கு மானியம் கொடுத்தது. உக்ரைன் போர் வந்து, அர்ஜென்டினாவில் இருந்தும் பிரேசிலில் இருந்தும் வரும் சோளமும் சோயாவும் விலை ஏறிய வருஷம் அது. வருஷக் கடைசியில் பேரங்காடித் தட்டுகள் காலியாகி, டிசம்பரில் தமிழ்நாட்டு நாமக்கல்லில் இருந்தே முட்டை இறக்குமதி செய்தார்கள். மாமியாரின் தாத்தா சேலம் பக்கத்தில் இருந்து வந்தவர். "அவர் கப்பலேறி வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு, ஊர் முட்டை இப்பத்தான் பின்னாலயே வருது" என்று மாமியார் சிரித்தார். 2024 ஜூனில் உச்சவிலையை மூன்று காசு குறைத்தார்கள். 2025 மே 1 முதல் முட்டைக்கு பத்துக் காசாக இருந்த மானியம் ஐந்தானது. ஆகஸ்டு 1 முதல் மானியமும் இல்லை, விலைக் கட்டுப்பாடும் இல்லை.

நம் முட்டை ஒரு நாளும் அந்தத் திட்டத்துக்குள் வந்ததில்லை. ஆனால் மூன்றரை வருஷம் அந்த நாற்பத்து சொச்சம் காசு எல்லார் தலையிலும் உட்கார்ந்துவிட்டது. "அங்க 42 காசு, நீங்க ஒரு வெள்ளி கேக்குறீங்களே அக்கா?" என்று அப்போது கேட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மேலே எழுதிய கணக்கை அப்படியே அவர்களிடம் சொன்னேன். சிலர் பரவாயில்லை என்று பேரங்காடிக்குப் போனார்கள். போகட்டும். தினமும் நாலு முட்டை பொரிக்கும் வீட்டுக்குப் பண்ணை முட்டைதான் சரி, சத்திலும் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. இதையும் நானே சொல்லிவிடுவேன். என் வீட்டுக்காரருக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு.

பிறகு யார்தான் நம்மிடம் வாங்குகிறார்கள்? நான் பார்த்தவரையில் பாதிப் பேர் தோட்டத்தில் பிறந்தவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். செமினி, ரிஞ்சிங், புரோகா பக்கம் இன்று தாமான் தாமானாக நிற்கும் இடமெல்லாம் ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும். லயத்துக்குப் பின்னால் கோழிக்கூண்டு, மாட்டுக் கொட்டகை, முருங்கை, மரவள்ளி என்று ஒவ்வொரு வீட்டுக்கும் கொஞ்சம் மண் இருந்தது. சம்பளம் பத்தாத மாதத்தில் முட்டையைக் கொண்டுபோய் மளிகைக் கடையில் கொடுத்து மீன்டின் வாங்கி வந்த தலைமுறை அது. தோட்டம் கைமாறி வீட்டு மனையானபோது பலருக்குக் கிடைத்தது மலிவு விலை அடுக்குமாடியில் ஒரு கதவு. ஐந்தாம் மாடியில் கோழி வளர்க்க முடியுமா? அப்படிப் போனவர்கள்தான் இன்று பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்தும் கிள்ளானில் இருந்தும் ஞாயிற்றுக்கிழமை பழைய சாலையில் வருகிறார்கள். காரை நிறுத்தி, முட்டையை எடுத்துக் கையில் உருட்டிப் பார்க்கிறார்கள். தெரிந்த பொருளைத் தேடி வந்தவர்கள். அவர்களிடம் பண்ணை முட்டையைக் கம்பத்து முட்டை என்று விற்பது சாதாரண வியாபாரத் தந்திரம் என்று எனக்குத் தோன்றவில்லை. திருட்டு என்றே சொல்வேன்.

ஒரு சின்ன யோசனை. பண்ணை முட்டையையும் விற்க ஆசையா, தாராளமாக விற்கலாம். தனித் தட்டில் வைத்து 'பண்ணை முட்டை' என்று எழுதுங்கள். எங்கள் மேசையிலும் சில வாரம் அப்படி இருக்கும். கம்பத்து முட்டை தீர்ந்துவிட்டால் 'இன்று முட்டை இல்லை' என்று தமிழிலும் மலாயிலும் எழுதிய பலகையைத் திருப்பி வைக்கிறோம். முதலில் பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு அந்தப் பலகையைப் பார்த்ததாலேயே போன் எண்ணைக் கொடுத்து, இருக்கும்போது சொல்லுங்கள் என்று கேட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள்.

தேன் விஷயம் இன்னும் சிக்கலானது.

நம்மில் பெரும்பாலோர் வைத்திருப்பது கெலுலுட். கொட்டாத சின்னத் தேனீ; தமிழ்நாட்டில் கொசுத்தேன் எடுப்பார்களே, அந்தக் குடும்பத்து உறவு. இத்தாமா வகைதான் அதிகம். மரக்கட்டையில் கூடு, அதன் மேல் ஒரு பெட்டி. பெட்டிக்குள் பிசினும் மெழுகும் கலந்து கட்டிய குட்டிக் குடுவைகள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தேன். குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். இனிப்போடு நல்ல புளிப்பும் இருக்கும், தண்ணீராக ஓடும். நம் நாட்டில் இதற்கென்றே 2017இல் எம்எஸ் 2683 என்று ஒரு தரநிலை வந்தது. பச்சைக் கெலுலுட் தேனில் ஈரப்பதம் 35 விழுக்காடு வரை இருக்கலாம் என்று அது சொல்கிறது. வழக்கமான தேனுக்கு உலக அளவில் வைத்திருக்கும் வரம்பு 20 விழுக்காடு. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல்தான் நம் மேசைக்கு முன்னால் பாதிச் சண்டை நடக்கிறது.

தீக்குச்சியைத் தேனில் முக்கிப் பற்றவைப்பார்கள். நல்ல தேனாக இருந்தால் எரியுமாம். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கும் கெலுலுட்டில் முக்கிய குச்சி எப்படி எரியும்? எரியாது. உடனே "கலப்படம்" என்பார்கள். ஆனால் சர்க்கரையை நன்றாகச் சுண்டக் காய்ச்சிக் கெட்டியாக்கிய பாகில் முக்கிய குச்சி எரிந்துவிடலாம். எறும்பு வராது என்பார்கள். எங்கள் வீட்டில் எறும்பு பெட்டிக்குள்ளேயே புகப் பார்க்கிறது, அதற்காகவே கால்களுக்கு அடியில் எண்ணெய்க் கிண்ணம் வைத்திருக்கிறோம். தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் நிற்கும் என்பதும், செய்தித்தாளில் ஊறாது என்பதும் இதே மாதிரிக் கதைதான். வீட்டுச் சோதனை எதையும் நம்புவதற்கில்லை.

ஆய்வுக்கூடமே ஏமாறும் காலம் இது. இந்தியாவில் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. கடையில் விற்கும் 13 பிராண்டு தேன்களை எடுத்துப் பார்த்தார்கள். உள்நாட்டுச் சோதனைகளில் பெரும்பாலானவை தேறின. ஜெர்மனிக்கு அனுப்பி என்எம்ஆர் முறையில் பார்த்தபோது பத்து பிராண்டுகள் தோற்றன. உள்நாட்டுச் சோதனையைத் தாண்டிப் போகும் விதமாகவே சர்க்கரைப் பாகு தயாராகி வருகிறது என்பதுதான் அந்த ஆய்வு சொன்ன கசப்பான செய்தி. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், இறக்குமதித் தேன் மாதிரிகளில் 46 விழுக்காடு சந்தேகத்துக்கு உரியவை. பெரிய நாடுகளின் கதை இப்படி இருக்கும்போது, சாலையோரத்தில் கார்க் கதவைத் திறந்து வைத்தபடி வாங்குகிறவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

நம்மிடம் ஒரு சாட்சி இருக்கிறது. பெட்டி. அதைக் காட்டுங்கள். கெலுலுட் கொட்டாது, குழந்தையைக்கூட அருகே கூட்டிப் போகலாம். வாயிலில் தேனீ போய் வருவதைப் பார்க்கட்டும். அது சில நூறு மீட்டர் சுற்றளவில்தான் மேயும் என்று சொல்லுங்கள். வேலியில் படர்ந்திருக்கும் ரோஜா நிறப் பூங்கொடியை, பக்கத்து வீட்டு மாமரத்தை, தென்னம்பாளையைக் காட்டுங்கள். போன மாதத்துத் தேனுக்கும் இந்த மாதத்துத் தேனுக்கும் ருசி ஏன் மாறியது என்று கேட்டால் பதில் அங்கேதான் இருக்கிறது. நான் தேன் வாங்கப் போனால், வருஷம் முழுக்க ஒரே நிறத்தில், ஒரே ருசியில் கெலுலுட் தேன் விற்பவரிடம் வாங்க மாட்டேன்.

மழை பிடித்துக்கொண்டால் தேன் குறைந்துவிடும். அக்டோபர், நவம்பரில் மாலை தவறாமல் இடி இடித்துக் கொட்டும் வாரங்களில் பூ இருந்தும் பயனில்லை. கூட்டம் பட்டினி கிடக்கக் கூடாது என்று சர்க்கரைத் தண்ணீர் வைப்பது வேறு. அந்தத் தண்ணீரைத் தேனீ குடுவையில் நிரப்பியதும் அதை உறிஞ்சித் தேன் என்று விற்பது வேறு. 2020இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கொட்டாத தேனீயின் தேனில் டிரெஹாலுலோஸ் என்ற அபூர்வ சர்க்கரை மிகுந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் சோதித்த தேன்களில் மலேசியக் கெலுலுட்டும் இருந்தது. நம் பொருளுக்கு உலகத்தில் கிடைத்த நல்ல பெயர் அது. அந்தப் பெயரில் சர்க்கரைத் தண்ணீரைக் கலக்க வேண்டாம்.

மழை போலவே பெட்டியைக் காலியாக்கும் இன்னொரு சங்கடம் உண்டு. டிங்கிக் காய்ச்சல் நாட்டிலேயே சிலாங்கூரில்தான் அதிகம். நோய் வந்த தாமானில் மாலையில் புகை அடிக்கத்தான் செய்வார்கள், அடிக்க வேண்டியதும்தான். ஆனால் அந்தப் புகைக்குக் கொசு, தேனீ என்ற பேதம் கிடையாது. குடியிருப்பாளர் சங்கத்து வாட்சப் குழுவில் எப்படியாவது சேர்ந்துகொள்ளுங்கள். புகை அடிக்கும் நாள் முன்கூட்டித் தெரிந்தால், தேனீ கூடு திரும்பிய பிறகு வாயிலில் வலையைக் கட்டி, பெட்டியின் மேல் துணியைப் போர்த்தி மறுநாள் காலை வரை அப்படியே விடலாம். எங்களுக்கு இதை முதலில் சொல்லிக் கொடுத்தது டிங்கில் பக்கத்து மலாய்க்கார பாக்சிக் ஒருவர்.

தைப்பூசத்துக்கு முன்னால் இன்னொரு கூட்டம் வரும். "அபிஷேகத்துக்குத்தான் அக்கா, சாமிக்கு ஊத்தப்போறது, விலை கம்மியா எதாவது இருக்கா?" பத்துமலைக்குப் போகிறவர்கள், ஊர்க் கோயிலில் பஞ்சாமிர்தம் கலக்கிறவர்கள். அவர்களுக்கென்றே மஞ்சள் பாகு நிரப்பிய போத்தலில் தேன் என்று ஒட்டி விற்கிறவர்களைப் பார்க்கிறேன். சாமிக்கு ஊற்றியது கடைசியில் பக்தர்கள் கையில் பிரசாதமாகத்தான் வருகிறது. அதில் கைக்குழந்தையும் உண்டு, நீரிழிவுக்காரரும் உண்டு. நான் சொல்லும் பதில் எளியது: பெரிய போத்தல் பாகு வாங்குவதை விட நல்ல தேன் ஒரு சின்னப் போத்தல் வாங்குங்கள், சாமி அளவு பார்ப்பதில்லை. இதற்கு மறுத்துப் பேசியவர் இதுவரை யாரும் இல்லை.

கைக்குழந்தை என்றதும் இதையும் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைப்பது நம் வீடுகளில் இன்னும் நடக்கிறது. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. எந்தத் தேனிலும் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்து குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கித் தசைகளைத் தளரவைக்கும் பொட்டுலிசம் என்ற நோயைக் கொண்டு வரலாம். சுத்தமான தேன், வீட்டுத் தேன் என்பதெல்லாம் இதற்குத் தடுப்பு ஆகாது. பேரக் குழந்தைக்கு என்று பாட்டி வந்து கேட்டால் விற்காதீர்கள். அந்த ஒரு போத்தல் லாபம் நமக்கு வேண்டாம்.

அதேபோல 'சர்க்கரை நோய்க்கு நல்லது' என்று எழுதி வைப்பதையும் நிறுத்துங்கள். 2023இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 15.6 விழுக்காடு பேருக்கு நீரிழிவு. நம் இந்தியர்களிடம் அது இன்னும் அதிகம். மருந்தை நிறுத்திவிட்டுத் தேன் குடிக்கலாமா என்று கேட்கிற மாமாவுக்கு நாம் டாக்டர் ஆகிவிடக் கூடாது. 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டப்படி நீரிழிவைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே குற்றம். தேன், பச்சை முட்டை, ஆண்மை என்று கைகாட்டிச் சிரிக்கும் அண்ணன்மாருக்கும் இதே சட்டம்தான்.

சிராப்பைப் பற்றி எழுத அதிகம் இல்லை, அதில் ஏமாற்றவும் அதிகம் இல்லை. எல்லாருக்கும் தெரியும், சர்க்கரைதான். எடையில் இரண்டு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு தண்ணீர் என்று காய்ச்சினால் கெடாமல் நிற்கும். லாபத்துக்காகத் தண்ணீரைக் கூட்டிச் சரிக்குச் சரி காய்ச்சினால் இந்த வெயிலில் சில நாளில் நுரைத்துவிடும். நான் ரோசெல், கஸ்தூரி எலுமிச்சை, சங்குப்பூ மூன்றும் வீட்டுத் தோட்டத்தில் இருந்தே எடுக்கிறேன். நோன்பு மாதத்தில் எல்லாரும் கேட்கும் சிவப்பு ரோஜா சிராப்பில் ரோஜா கிடையாது; எசென்ஸும் சாயமும்தான். லேபிளில் அப்படியே எழுதியிருக்கிறேன். 1985 உணவு விதிமுறைகள்படி பொருளின் பெயர், சேர்மானம், எடை, செய்தவர் பெயர், முகவரி எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். நான் முகவரியோடு வீட்டு எண்ணையும் போடுகிறேன். தைபாய்டு ஊசி, உணவு கையாளுவோர் பயிற்சி, எஸ்எஸ்எம் வணிகப் பதிவு என்று மீதிக் காரியங்களும் முடித்தால் முடிகிற வேலைகள்தான். கடைப் பெயரில் பதிய வருஷத்துக்கு அறுபது வெள்ளி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகமே வந்து உட்கார்ந்திருக்கிற ஊரில் ஒரு பாரத்தை நிரப்பப் பயப்பட வேண்டுமா? தண்ணீர் மட்டும் முன்கூட்டிப் பிடித்து வையுங்கள். 2016இலும் 2020இலும் செமினி ஆற்றில் நாற்றம் கலந்து சுத்திகரிப்பு நின்றபோது காய்ச்சும் அடுப்பும் நின்றது, கோழித் தொட்டியும் காய்ந்தது.

இந்த மூன்று பொருளையும் ஏன் ஒன்றாக விற்கிறோம் என்று மருமகள் முறை வரும் பெண் ஒருத்தி கேட்டாள். அவளும் பண்டார் ரிஞ்சிங் பக்கம் கடை போட யோசிக்கிறாள். நான் சொன்னது: மழையில் தேன் குறையும்போது சிராப் கைகொடுக்கும். நோன்பிலும் பெருநாளிலும் சிராப் ஓடும், தைப்பூசத்துக்குத் தேன் ஓடும். கோழி அடைக்குப் போனால் குஞ்சு விற்கலாம். எல்லாம் சேர்ந்தும் ஒரு சம்பளத்துக்கு ஈடாகாது. மாமியார் விடியற்காலையில் எழுந்து கூண்டு திறப்பதற்கும் பிள்ளைகள் போத்தல் கழுவுவதற்கும் கூலி போட்டால் கடை நஷ்டத்தில்தான் ஓடுகிறது. வேலையை விட்டுவிட்டு இதில் இறங்காதே என்றும் அவளிடம் சொன்னேன். பக்க வருமானமாக வைத்துக்கொள்கிறவர்களுக்கு மேசை நிரம்பியே இருக்க வேண்டும் என்ற நெருக்கடி இல்லை; பொய் சொல்ல வேண்டிய அவசியமும் குறைவு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நாம் ஒருவருக்கொருவர் போட்டி இல்லை. எங்கள் கூண்டில் முட்டை இல்லாத நாளில், பெரானாங் பக்கம் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தால் வாடிக்கையாளரை அங்கே அனுப்பிவிடுகிறேன். உங்களிடம் தேன் தீர்ந்துவிட்டால் எங்களிடமோ, எங்களுக்கு அடுத்த கடைக்கோ அனுப்புங்கள். வெளியில் வாங்கி நிரப்ப வேண்டாம். உங்கள் கடை எங்கே, என்ன பொருள், எந்த நாளில் இருக்கும் என்று ஒரு தாளில் எழுதி அடுத்த முறை இந்தப் பக்கம் வரும்போது எங்கள் மேசையில் கொடுங்கள். எங்களுடையதையும் வாங்கிக்கொண்டு போங்கள். தைப்பூசக் கூட்டம் வருமுன் இதைச் செய்துவிட்டால் நல்லது. 'இன்று இல்லை' பலகையை மட்டும் இந்த வாரமே எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் போலவே மேசை போட்டிருக்கும் ஒருத்தி,
செமினி